கஸ்ரிக் என்று கை வைக்கும் இடம்

"தம்பி, கஸ்ரிக் குளிசை இரண்டு தாரும்" என்று கேட்டு வருபவரிடம், மருந்து அலுமாரிப் பக்கம் திரும்புமுன் நான் ஒரு கேள்வி கேட்பேன்: "எங்கே நோகிறது? கையை வைத்துக் காட்டுங்கள்." ஏ-9 வீதியோரத்து மருந்துக்கடை ஒன்றில் பதினைந்து வருடமாக நிற்கிறேன். அந்தக் கை எங்கெல்லாம் போகும் என்பது எனக்கு மனப்பாடம். ஒருவர் நெஞ்சுக்குழியில் விரலை ஊன்றுவார். இன்னொருவர் தொப்புளைச் சுற்றி உள்ளங்கையால் வட்டம் போடுவார். வேறொருவர் அடிவயிற்றைப் பொத்துவார். ஒரு சிறுபோக அறுவடை நேரத்தில் வந்த ஐயா ஒருவர் நெஞ்சின் நடுவே முழு உள்ளங்கையையும் வைத்து அழுத்தினார். அவர் கதை பின்னால் வரும். எல்லாரும் சொன்ன நோயின் பெயர் ஒன்றுதான்: கஸ்ரிக்.

குற்றம் அவர்களுடையது அல்ல. தமிழில் வயிறு என்பது விசாலமான சொல். நெஞ்சுக்குக் கீழே, இடுப்புக்கு மேலே உள்ள அத்தனையும் அதற்குள் அடங்கிவிடும். பசிப்பதும் வயிறு, பிள்ளையைச் சுமப்பதும் வயிறு, அயலவன் மாடி வீடு கட்டினால் எரிவதும் வயிறு. ஆனால் சாப்பாடு போய் விழும் பைக்குத் தனிப்பெயர் உண்டு: இரைப்பை. அது பலர் நினைப்பதுபோலத் தொப்புளுக்குப் பின்னால் இல்லை. இடப்பக்க விலா எலும்புகளின் கீழ்ப்பகுதியில் பாதி ஒளிந்தபடி, மேலிருந்து கீழாக வளைந்து, நெஞ்சுக்குழிக்கு நேரே வந்து முடிகிறது. தொப்புளைச் சுற்றி மடிந்து மடிந்து கிடப்பது சிறுகுடல்.

வன்னியில் வளர்ந்தவருக்கு இந்த இரண்டையும் விளக்க ஒரு குளத்தை நினைவூட்டினால் போதும். கனகராயன் ஆறு கொண்டுவரும் தண்ணீர் இரணைமடுவில் தேங்குகிறது. துருசைத் திறந்து அளவாக வாய்க்காலில் விடுகிறார்கள். பயிர் தண்ணீர் குடிப்பது வயலில்தான். நம் உடம்பில் ஆறு என்பது சுமார் 25 சென்ரிமீற்றர் நீளமான உணவுக்குழாய். குளம் இரைப்பை. இரைப்பையின் வெளிவாசலில் இருக்கும் தசை வளையம் துருசு. அதற்கு அப்பால் வளைந்து வளைந்து போகும் சிறுகுடல்தான் வாய்க்காலும் வயலும். குளத்துக்குள் நெல் விளைவதில்லை; இரைப்பையும் உடம்புக்குச் சத்து ஊட்டுவதில்லை. சாராயம், அஸ்பிரின் போன்ற சிலவற்றையும் கொஞ்சத் தண்ணீரையும் தவிர அது எதையும் உறிஞ்சுவதில்லை. ஊட்டுவது முழுக்கச் சிறுகுடலின் வேலை. ஆனால் பெயரும் பழியும் இரைப்பைக்கு!

குளத்துக்குள் நடப்பது

வெறும் இரைப்பை சுருங்கி, உட்சுவர் மடிப்பு மடிப்பாக, ஒரு கைமுட்டி அளவில் இருக்கும். சாப்பிடச் சாப்பிட மடிப்புகள் விரிந்து 1 முதல் 1.5 லீற்றர் வரை கொள்ளும். சுவரில் தசை மூன்று அடுக்காக ஓடுகிறது: நீளவாக்கில் ஒன்று, வளையமாக ஒன்று, சாய்வாக ஒன்று. இவை மாறி மாறி இறுகுவதால், பிட்டும் மீன்குழம்பும் உள்ளே ஆட்டுக்கல்லில் போட்டதுபோல் அரைபடுகின்றன. கூடவே நாளொன்றுக்கு ஏறக்குறைய 2 லீற்றர் சாறு சுரக்கிறது. அதில் ஐதரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. எலுமிச்சம் புளியையும் மிஞ்சும் அமிலம். சாப்பாட்டோடு வந்த கிருமிகளில் பெரும்பாலானவை இதில் மடிகின்றன. புரதத்தை வெட்டும் பெப்சின் என்ற நொதியமும் இந்த அமிலத்தில்தான் உயிர்பெற்று வேலை செய்கிறது.

அப்படியானால் இந்த அமிலம் இரைப்பையையே ஏன் தின்னவில்லை? உட்சுவரை வழுவழுப்பான சீதப் படலம் மூடியிருக்கிறது. அதற்குள் அமிலத்தை முறிக்கும் காரம் கலந்திருக்கிறது. அடியில் இரத்த ஓட்டம் வேகமாக இருப்பதால் உரசல்கள் உடனுக்குடன் ஆறிவிடுகின்றன. குளக்கட்டுக்குக் கல் அடுக்கிப் புல் வளர்ப்பதுபோன்ற பாதுகாப்பு இது. குளத்தில் தண்ணீர் கூடித்தான் கட்டு உடைய வேண்டும் என்றில்லை. கட்டு மெலிந்தாலும் உடையும். இரைப்பைப் புண்ணும் அப்படித்தான். நாம் அமிலத்தை மட்டும் திட்டுகிறோம். பெரும்பாலும் பிழை கட்டில் இருக்கிறது.

இதையெல்லாம் மனிதன் கண்ணால் பார்த்த கதை ஒரு காயத்திலிருந்து தொடங்குகிறது. 1822 ஜூனில், இன்றைய அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள மக்கினாக் தீவில், அலெக்சிஸ் சென்ற் மார்ட்டின் என்ற கூலித் தொழிலாளியின் இடப்பக்க வயிற்றில் தற்செயலாகத் துப்பாக்கி வெடித்தது. பிழைக்கமாட்டார் என்று நினைத்தவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் இரைப்பையில் விழுந்த ஓட்டை மூடவில்லை. வெளித்தோலோடு ஒட்டி நிரந்தர வாசலாகிவிட்டது. சிகிச்சை செய்த இராணுவ வைத்தியர் வில்லியம் போமன்ட், இறைச்சித் துண்டையும் பாணையும் பட்டு நூலில் கட்டி அந்த ஓட்டை வழியே உள்ளே இறக்கி, மணிக்கணக்குப் பார்த்து வெளியே இழுத்துக் கரைந்த அளவைக் குறித்தார். சாற்றை எடுத்துப் போத்தலில் ஊற்றி, அங்கேயும் இறைச்சி கரைவதைக் கண்டார். அந்த மனிதர் கோபப்பட்டால் சமிபாடு கெடுவதையும் எழுதிவைத்தார். 1833இல் அந்தக் குறிப்புகள் புத்தகமாயின. வைத்தியருக்குப் புகழ். பட்டு நூலை விழுங்கிய வயிற்றுக்காரர், வைத்தியர் இறந்த பிறகும் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் வாழ்ந்தார் என்பதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோசம்.

துருசு விடயத்துக்கு வருவோம். அரைபட்ட உணவு ஓரிரு மில்லிமீற்றர் துணிக்கைகளாகக் குழைந்த பிறகுதான் இரைப்பையின் வாசல் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். தண்ணீர் நிமிடக் கணக்கில் போய்விடும். கஞ்சி சீக்கிரம் இறங்கும். சோறு கறி இறங்க 2 முதல் 4 மணித்தியாலம் ஆகும். எண்ணெய் மிதக்கும் இறைச்சிக் கறி என்றால் இன்னும் தாமதம். ஏனென்றால் கொழுப்பு சிறுகுடலுக்குள் நுழைந்ததும், அங்கிருந்து ஓமோன் வழியே இரைப்பைக்குத் தகவல் போகிறது: "வயலில் தண்ணீர் போதும், துருசைச் சாத்து." கலியாண வீட்டுச் சாப்பாடு இரவு வரை நெஞ்சில் நிற்பதற்குக் காரணம் இதுதான். வெறும் வயிறு கடகடவென்று கத்துவதற்கும் காரணம் உண்டு. உணவு இல்லாத நேரத்தில் ஒன்றரை, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை இரைப்பையிலிருந்து சிறுகுடல் முழுவதும் ஒரு பெரிய தசை அலை ஓடி, மிச்சம் மீதியைக் கூட்டிப் பெருக்குகிறது. அந்தச் சத்தம் துப்புரவுப் பணியின் சத்தம்.

ஆறு மீற்றர் வயல்

சிறுகுடலின் நீளம் சுமார் 6 மீற்றர் என்று புத்தகங்கள் சொல்கின்றன. உயிருள்ள உடம்பில் தசை இறுகியிருப்பதால் அளந்தால் இதைவிடக் குறைவாகவே வரும். அகலம் இரண்டு விரல் பருமன்தான். 'சிறு' என்ற பெயர் அகலத்தைப் பார்த்து வைத்தது. முதல் 25 சென்ரிமீற்றர் முன்சிறுகுடல். அதற்கு அடுத்தது நடுப்பகுதி, பிறகு கடைப்பகுதி. கடைப்பகுதி வலப்பக்க அடிவயிற்றில் பெருங்குடலோடு சேர்கிறது.

முன்சிறுகுடல் குட்டைதான், ஆனால் அதுதான் சந்தி. ஈரலில் உண்டாகிப் பித்தப்பையில் தங்கியிருந்த பித்தமும், சதையி என்ற கணையத்தின் சாறும் இங்கே வந்து விழுகின்றன. சதையிச் சாற்றின் காரம், இரைப்பையிலிருந்து வந்த அமிலத்தை முறிக்கிறது. பித்தம் எண்ணெயைப் பாத்திரம் கழுவும் சவர்க்காரம்போல் சிறு துளிகளாக உடைக்கிறது. நொதியங்கள் மாப்பொருளைச் சீனியாகவும் புரதத்தை அமினோ அமிலங்களாகவும் வெட்டிப்போடுகின்றன.

பிறகு உறிஞ்சல். சிறுகுடலின் உட்சுவரைக் கையில் எடுத்தால் வெல்வெட் துணிபோல் இருக்கும். கிட்டப் பார்த்தால், நாற்றுமேடையில் நெருக்கமாக முளைத்த பயிர்போல், ஒரு மில்லிமீற்றரும் எட்டாத இலட்சக்கணக்கான முளைகள் நிற்கின்றன. பாடசாலைப் புத்தகத்தில் சடைமுளை என்று படித்தது இதைத்தான். ஒவ்வொரு சடைமுளைக்குள்ளும் மெல்லிய இரத்தக் குழாய்களும், கொழுப்பை எடுத்துப்போகும் நிணநீர்க் குழாயும் இருக்கின்றன. அதன்மேல் உள்ள கலங்களுக்கு இன்னும் நுண்ணிய முளைகள். இப்படி மடித்து மடித்து வைத்ததில் பரப்பு எவ்வளவு வரும்? ரெனிஸ் மைதானம் அளவு என்று பல காலம் எழுதினார்கள். 2014இல் சுவீடன் ஆய்வாளர்கள் இருவர் திரும்ப அளந்து, உணவுப் பாதை முழுவதற்கும் ஏறக்குறைய 32 சதுர மீற்றர்தான் என்றார்கள். பட்மின்ரன் மைதானத்தில் பாதி. குறைந்தாலும், ஒரு வயிற்றுக்குள் பாதி மைதானம் என்பது சின்ன விடயமா?

இந்த வயலில் எந்தப் பகுதியில் எது உறிஞ்சப்படுகிறது என்பதற்கு ஒரு முறை இருக்கிறது. இரும்புச்சத்து முன்பகுதியில். அதனால்தான் சோறு முடித்த கையோடு சாயம் கடுமையான பிளேன்ரீ குடிக்காதீர்கள் என்று இரத்தச்சோகைக் குளிசை வாங்க வரும் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்களிடம் சொல்வேன். தேயிலையில் உள்ள சாயப்பொருள் இரும்பைப் பிடித்துவைத்துவிடும். சீனி, புரதம், கொழுப்பு பெரும்பாலும் நடுப்பகுதிக்குள் முடிந்துவிடும். விற்றமின் பி12 மட்டும் கடைசி வயலுக்கானது. அதுவும் தனியாகப் போகாது: இரைப்பையில் சுரக்கும் ஒரு புரதம் கையைப் பிடித்துக் கூட்டிவந்தால்தான் கடைப்பகுதி அதை உள்ளே எடுக்கும். பித்த உப்புகளும் அங்கேதான் திரும்ப உறிஞ்சப்பட்டு ஈரலுக்குப் போய் மறுபடி பயன்படுகின்றன. வேலை செய்யும் கலங்கள் 3 முதல் 5 நாளில் உதிர்ந்து புதியவை முளைக்கின்றன. போன கிழமை சோறு உறிஞ்சிய குடற்சுவர் இன்று இல்லை.

கட்டு அரிக்கும் கதை

சிறுபோகமும் காலபோகமும் வந்தால் என் கடையில் அதிகம் கேட்கப்படுவது இடுப்பு நோவுக்கான குளிசை. விடியப்புறம் பிளேன்ரீயும் வெற்றிலையும், வயலுக்குள் குனிந்த வேலை, பதினொரு மணி வரை வயிறு வெறுமை. நோவுக்கு டைக்ளோபெனக் ஒன்று. மாலையில் இன்னொன்று. இப்படி இரண்டு கிழமை. ஒரு நாள் நெஞ்சுக்குழி எரிவு. அதற்குக் கஸ்ரிக் குளிசை. எரிவு அடங்கியதும் மறுபடி டைக்ளோபெனக்.

டைக்ளோபெனக், இபுபுறோபென், அஸ்பிரின் வகையறாக்கள் வலியை எப்படி நிறுத்துகின்றனவோ அதே வழியில் இரைப்பையின் பாதுகாப்பையும் நிறுத்துகின்றன. வலியைக் கிளப்பும் பொருளை உண்டாக்கும் நொதியத்தை இவை தடுக்கின்றன. அதே குடும்பத்துப் பொருள்தான் இரைப்பையில் சீதம் சுரக்கவும் இரத்தம் ஓடவும் வழிசெய்கிறது. ஆகவே கட்டிலிருந்து கல் ஒவ்வொன்றாக உருவப்படுகிறது. "சாப்பிட்ட பிறகுதானே போடுகிறேன்" என்பார்கள். உரசல் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். மருந்து இரத்தத்தில் கலந்தே இந்த வேலையைச் செய்வதால், ஊசியாகப் போட்டாலும் புண் வரலாம். பனடோல் (பரசிற்றமோல்) அப்படி இரைப்பையை அரிப்பதில்லை. இடுப்பு நோவுக்கு முதலில் அதைத்தான் கொடுத்துப் பார்க்க வேண்டும். ஆரம்ப காலத்தில் நானே அட்டை அட்டையாக டைக்ளோபெனக் கொடுத்திருக்கிறேன். ஊர்க்கமக்காரர் ஒருவர் வந்து, மூன்று நாளாக மலம் தார்போலக் கறுத்து, பிசுபிசுத்து, நாறுகிறது என்று வெட்கத்தோடு சொன்ன நாளில்தான் என் கை நின்றது. இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ கசியும் இரத்தம் செரித்து வரும்போது அந்த நிறம். அவருக்கு இரண்டு பை இரத்தம் ஏற்றினார்கள். இரும்புக் குளிசை குடிப்பவர்களுக்கும் மலம் கறுக்கும், அது ஆபத்தில்லை. ஆனால் இரும்புக் குளிசை எதுவும் இல்லாமல் கறுத்தால் விடியும் வரை காத்திருக்கக் கூடாது.

புண்ணுக்கு இன்னொரு பெரிய காரணம் ஒரு பற்றீரியா. அமிலக் குளத்தில் எந்தக் கிருமியும் வாழாது என்று வைத்திய உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. புண் வந்தால் கவலை, உறைப்பு என்று நோயாளியையே குறைசொன்னார்கள். 1982இல் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் பரி மார்ஷல், ரொபின் வொரன் இருவரும் இரைப்பையிலிருந்து ஹெலிக்கோபக்டர் பைலோரியை வளர்த்தெடுத்தார்கள். யாரும் நம்பவில்லை. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்தார். சில நாளில் இரைப்பை அழற்சி வந்துசேர்ந்தது. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு. இன்று கிருமி இருப்பது சோதனையில் தெரிந்தால், நுண்ணுயிர்க்கொல்லிகளும் அமிலம் குறைக்கும் மருந்தும் சேர்த்து இரண்டு கிழமை கொடுத்து ஒழித்துவிடுகிறார்கள். ஒழித்தால் புண் திரும்ப வருவது அபூர்வம்.

மிளகாய்த்தூள் பாவம். ஏற்கெனவே உள்ள புண்ணை அது எரியவைக்கும், உண்மை. புண்ணை உண்டாக்குகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. சுருட்டும் சிகரெட்டும் புண் ஆறுவதைத் தடுக்கின்றன, கசிப்பு என்ற கள்ளச் சாராயம் சுவரையே சுடுகிறது. அவற்றை விட்டுவிட்டு அம்மாவின் சம்பலைக் குறைசொல்வது நியாயமில்லை.

அமிலம் குறைக்கும் ஒமெப்ரசோல் வாங்குபவர்களுக்கு ஒரு சொல். அதைச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுப் பயனில்லை என்று முறையிடுவார்கள். சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன் போட வேண்டிய குளிசை அது. அமிலம் சுரக்கும் பம்பிகள் சாப்பிடும்போதுதான் விழிக்கின்றன. மருந்து அதற்குமுன் இரத்தத்தில் நிற்க வேண்டும். வைத்தியர் சொல்லாமல் வருடக்கணக்கில் தொடரவும் கூடாது; பி12 குறையும்.

நெஞ்செரிவு வேறு விடயம். அங்கே புண் இருக்க வேண்டியதில்லை. உணவுக்குழாயின் அடிவாசல் தளர்ந்து அமிலம் மேலே ஏறுவதுதான். இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையில் மூன்று மணித்தியாலம் விட்டாலே பலருக்குப் பாதி குறையும்.

இனி அந்த ஐயா. வியர்த்திருந்தார். வெயில் காலத்தில் வியர்வையை யார் கவனிப்பார்கள்? ஆனால் மின்விசிறியின் கீழ் நின்றும் நெற்றி நனைந்துகொண்டே இருந்தது. "நெஞ்சில் காற்று அடைத்துவிட்டது தம்பி, கஸ்ரிக்தான்" என்றார். நீரிழிவுக்கு மருந்து வாங்குபவர் என்பது எனக்குத் தெரியும். குளிசை கொடுக்கவில்லை. கதிரையில் இருத்திவிட்டு 1990 என்ற அவசர இலக்கத்துக்கு எடுத்தேன்; சுவசெரிய அம்புலன்ஸ் வந்தது. ஈ.சி.ஜி.யில் மாரடைப்பு. இதயத்தின் அடிப்பக்கமும் இரைப்பையின் மேற்பக்கமும் நடுவே ஒரு மெல்லிய தசைத் தட்டை மட்டும் வைத்துக்கொண்டு ஒட்டியே இருக்கின்றன. வலி வரும்போது மூளைக்கே இரண்டும் குழம்பும். வியர்வை, மூச்சு முட்டல், இடக்கை அல்லது தாடைக்கு ஓடும் நோவு, நடந்தால் கூடும் நோவு ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அதைக் கஸ்ரிக் என்று நாமே தீர்மானிக்கக் கூடாது. அவர் இப்போது மாதமொருமுறை கிளினிக் கொப்பியோடு வருகிறார்.

வாய்க்கால் பெருக்கெடுத்தால்

மாரி மழையில் கிணறுகளுக்குள் வெள்ளம் போனால், அடுத்த கிழமை வயிற்றோட்டம் வரும். சிறுகுடலுக்குள் ஒரு நாளில் ஏறக்குறைய 9 லீற்றர் திரவம் இறங்குகிறது. நாம் குடிப்பது 2 லீற்றர்தான். மிச்சம் உமிழ்நீர், இரைப்பைச் சாறு, பித்தம் என்று உடம்பே சுரந்தது. சிறுகுடல் அதில் பெரும்பகுதியைத் திரும்ப எடுத்துவிட்டு, ஒன்றரை லீற்றர் அளவில் பெருங்குடலுக்கு அனுப்புகிறது. கிருமியின் நஞ்சு இந்தக் கணக்கைக் குழப்புகிறது: சுரப்பது கூடும், எடுப்பது குறையும்.

ஆனால் கொலராக் கிருமியால்கூடக் கெடுக்க முடியாத ஒரு கதவு சிறுகுடலில் இருக்கிறது. உப்பும் குளுக்கோசும் ஜோடியாக வந்தால்தான் அது திறக்கும். திறந்தால் தண்ணீரும் பின்னாலே உள்ளே போகும். வெறும் தண்ணீருக்கு அந்தக் கதவு திறக்காது. வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் ஜீவனிப் பக்கெட்டின் இரகசியம் இவ்வளவுதான். 1971இல் இந்தியாவின் மேற்கு வங்கத்தில், வங்காளதேச அகதிகள் நிறைந்த பொங்காவ் முகாமில், சேலைன் தீர்ந்துபோன நிலையில், வைத்தியர் திலீப் மகலநோபிஸ் உப்பும் குளுக்கோசும் கரைத்த தண்ணீரைப் பீப்பாய்களில் வைத்து, உறவினர் கையாலேயே நோயாளிகளுக்குப் புகட்டவைத்தார். நூற்றுக்கு 20, 30 பேர் இறந்த இடத்தில் மரணம் 3, 4 ஆகக் குறைந்தது. முகாமின் வரிசையும் தண்ணீர்த் தொட்டியும் தெரிந்த நமக்கு இந்தக் கதை வேற்றூர்க் கதையாகத் தோன்றாது.

பக்கெட்டில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். பிள்ளைக்குக் கொஞ்சம்தானே என்று பக்கெட்டில் பாதியைக் கோப்பையில் தட்டினால் உப்பு மிகும், அது ஆபத்து. பக்கெட் இல்லாத இடத்தில் கொதித்தாறிய ஒரு லீற்றர் தண்ணீருக்கு மட்டமாக 6 தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியும் நல்லது. மாப்பொருள் மெல்ல உடைந்து அதே குளுக்கோசைத்தான் தருகிறது. சத்தி எடுத்தாலும் பத்து நிமிடம் விட்டுக் கரண்டி கரண்டியாகக் கொடுக்கலாம். பிள்ளைகளுக்கு நாகச்சத்து (சிங்க்) மருந்தும் 10 முதல் 14 நாள் கொடுப்பார்கள். கண் குழிந்து, சிறுநீர் நின்று, பிள்ளை சோர்ந்து தூங்கினால் வீட்டில் வைத்திருக்காதீர்கள். தாய்ப்பாலை எந்த நிலையிலும் நிறுத்த வேண்டாம்.

பால்மாத் தேநீர் குடித்தால் வயிறு ஊதி இரைகிறது என்று சொல்பவர்கள் பலர். பாற்சீனியை உடைக்கும் நொதியம் நம்மில் பெரும்பாலோருக்குப் பிள்ளைப் பருவத்தோடு குறைந்துபோகிறது. நோய் என்று அதைச் சொல்ல மாட்டேன். எருமைத் தயிர் ஒத்துக்கொள்ளும், ஏனெனில் பாற்சீனியில் ஒரு பங்கைப் பற்றீரியா முன்பே தின்றுவிட்டது. கொழுக்கிப் புழு வெறுங்காலின் தோல் வழியே ஏறி, கடைசியில் சிறுகுடலில் கடித்துத் தொங்கி இரத்தம் குடிக்கும். செருப்பும் மலசலகூடமும் பூச்சி மருந்தும் போதும். நெருப்புக் காய்ச்சல் (தைபொயிட்) சிறுகுடலின் கடைப்பகுதியைப் புண்ணாக்குவது. அதை வீட்டு வைத்தியத்தில் விட்டால் குடலில் ஓட்டை விழலாம்.

தொப்புளும் தழும்பும்

குடல் வெட்டினால் வலிக்காது, இழுபட்டால்தான் வலிக்கும். அந்த வலியின் இடத்தையும் அது சரியாகச் சொல்லாது. இரைப்பை நெஞ்சுக்குழியில் வலிக்கும், சிறுகுடல் தொப்புளைச் சுற்றி, பெருங்குடலின் பிற்பகுதி அடிவயிற்றில். குடல்வால் அழற்சி தொப்புளில் தொடங்கி, சில மணித்தியாலத்தில் வலப்பக்க அடிவயிற்றுக்கு இறங்குவதற்குக் காரணமும் அதுதான்: குடல்வாலுக்கும் சிறுகுடலுக்கும் நரம்புத் தடம் ஒன்று. கை இடம் மாறினால் கஸ்ரிக் குளிசை கேட்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள்.

நாற்பது வயதுக்காரர் ஒருவர் ஒரு கலியாண வீட்டுக்கு மறுநாள் காலை வந்தார். வாயுவுக்கு மருந்து வேண்டுமாம். நின்று பேசும்போதே சில நிமிடத்துக்கொரு முறை மடங்கி மேசையைப் பிடித்தார். வலி வந்தது, போனது, மறுபடி வந்தது. தொப்புளைச் சுற்றி. வயிறு மத்தளம்போல் இருந்தது. இரவு முழுக்கப் பச்சையாகச் சத்தி. காற்றுப் பிரியவில்லை. "முன்பு ஏதாவது ஒப்பரேசன்?" என்று கேட்டேன். பேசாமல் சேர்ட்டைத் தூக்கினார். நெஞ்செலும்பின் அடியிலிருந்து தொப்புளைத் தாண்டி ஒரு நீளத் தழும்பு. 2009இல், ஷெல் துண்டு.

வயிற்றைத் திறந்து செய்த எந்தச் சத்திர சிகிச்சைக்குப் பிறகும் உள்ளே நூல்போன்ற தழும்பு இழைகள் வளர்ந்து குடலோடு குடலை ஒட்டவைக்கலாம். பத்து, பதினைந்து வருடம் சும்மா இருக்கும். ஒரு நாள் அந்த இழையில் குடல் மடங்கி வாய்க்கால் அடைபடும். சிறுகுடல் அடைப்புக்கு உலகெங்கும் முதற் காரணம் இதுதான். வன்னியில் வயிற்றுத் தழும்போடு நடமாடும் மனிதர்கள் எத்தனை பேர் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த அடைப்பில் பாதிக்குக் கத்தியே வேண்டாம். மூக்கு வழியே குழாய் விட்டு இரைப்பையை வெறுமையாக்கி, சேலைன் ஏற்றிப் பார்த்திருந்தால் தானே அவிழும். அவிழாவிட்டால் அல்லது குடலுக்கு இரத்தம் நின்றுபோனால் உடனே திறக்க வேண்டும். பிந்துவதுதான் கொல்கிறது. வாயு மருந்தும் பேதி மருந்தும் குடித்துக்கொண்டு பிந்துவது. கைக்குழந்தை பச்சையாகச் சத்தி எடுத்தால் இதைவிட அவசரம். அங்கே குடலே முறுக்கிக்கொண்டிருக்கலாம்.

அவருக்குக் குழாயோடு அவிழ்ந்துவிட்டது. ஆனால் வார்ட்டில் இன்னொன்றைக் கண்டுபிடித்தார்கள். பாதங்கள் இரண்டு வருடமாக விறைத்திருந்தன. நாக்கு சிவந்து வழுவழுத்திருந்தது. நீரிழிவு என்று அவரே முடிவெடுத்திருந்தார். இரத்தம் பார்த்தால் சீனி சரி, பி12 மிகக் குறைவு. அன்றைக்கு ஷெல் துண்டோடு சேர்த்துச் சிறுகுடலின் கடைப்பகுதியிலும் ஒரு பங்கை வெட்டியிருந்திருக்கிறார்கள். ஈரல் பல வருடத்துக்குப் போதுமான பி12ஐச் சேமித்து வைத்திருப்பதால் குறை உடனே தெரியவில்லை. எவ்வளவு வெட்டினார்கள் என்பது அவருக்குத் தெரியாது. நோயறிதல் அட்டை ஒரு பொலித்தீன் பையில் இருந்ததாம். எந்தப் பதுங்குகுழியில் விட்டார் என்பது நினைவில்லை.

இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிளினிக்கில் ஊசி போட்டுவிட்டு, திரும்பும் வழியில் கடைக்கு முன்னால் சைக்கிளை நிறுத்துவார். "வயிறு எப்படி?" என்று நான் கேட்பதில்லை. "செருப்புக் கழன்றால் தெரிகிறதா?" என்று கேட்பேன். போன முறை, இடக்காலில் தெரிகிறது என்றார்.